ஷேவிங்: டப்பா ஃபோமா, பிரஷ்ஷும் கிரீமுமா?

அழுத்தியதும் வந்துவிடுவதால், அவசரக் காலைக்கு ஃபோம் போதும். ஆனால் அது பியூட்டேன் போன்ற வாயு ஊதிய குமிழ்நுரை; முடிமேல் படிந்து நிற்குமே தவிர, அடிவரை இறங்காது. தாடி முரடாக இருந்தால் பிளேடு இழுக்கும், தோல் எரியும்.

பிரஷ் முடியை நிமிர்த்தி, தண்ணீரை வேர்வரை சேர்க்கிறது. அதனால் என் ஓட்டு கிரீமுக்குத்தான். பிரஷ்ஷை வெந்நீரில் நனைத்து உதறி, பாதாம்பருப்பளவு கிரீமை ஈர முகத்தில் ஒரு நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். நுரை பசைபோல் ஒட்டினால் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பெரிய குமிழ்களாக வழிந்தால் தண்ணீர் அதிகம்.

கிரீமுக்குப் பதில் கட்டி ஷேவிங் சோப்பு பயன்படுத்தினால், அதற்கு போர்வெல் தண்ணீர்தான் எதிரி. தண்ணீரிலுள்ள கால்சியம் சோப்பைத் திரித்துவிடும். நுரைக்க மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.