ஃபேஸ் லாகின் இருக்குன்னு சொல்லி வித்த லேப்டாப், சுவத்துல மாட்டின போட்டோவுக்கே தொறந்துடுச்சு

ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போறவங்க கொஞ்சம் நின்னு படிச்சுட்டுப் போங்க, 24,500 ரூபா குடுத்துட்டு எழுதறேன்.

அப்பா 30 வருஷம் கொத்தனார் வேலை பாத்தவரு, இப்ப ஊர்ல சின்னதா ஹார்ட்வேர் கடை வச்சிருக்காரு. சிமென்ட்டும் சுண்ணாம்பும் தின்னதுல விரல்ல ரேகையே கிடையாது, ரேஷன் கடைல கட்டை விரலை வச்சா மெஷின் ஏத்துக்காது, வேட்டில துடைச்சு துடைச்சு நாலு தடவை வச்சுப் பாத்துட்டு கடைசில அம்மாதான் போகணும். பாஸ்வேர்டு போட்டா தினசரி காலண்டர் அட்டைல எழுதி மாட்டிடுவாரு, ஆணி வாங்க வர்றவன் கூட படிக்கலாம். அதனால பில்லிங் லேப்டாப்புக்கு ஃபிங்கர்பிரின்ட் சரிவராது, ஃபேஸ் லாகின்தான்னு முடிவு பண்ணி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைக்கு வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டேன். "ஃபேஸ் அன்லாக் இருக்கு சார், பக்கா கண்டிஷன்"னு பதில் வந்துச்சு. நேர்ல போனா கடைப் பையன் லேப்டாப்ப மூடித் தொறந்து அவன் மூஞ்சியக் காட்டினான், டக்குனு உள்ள போயிடுச்சு. நானும் மயங்கி பணத்த எண்ணி வச்சுட்டேன்.

அப்பா மூஞ்சிய பதிஞ்சு குடுத்துட்டு சென்னை திரும்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு போன். "டேய், நான் டீ குடிக்கப் போயிருந்தேன், நம்ம கடைப் பையன் சும்மா சேர்ல உக்காந்திருக்கான், பொட்டி தானா தொறந்துக்குச்சுங்கறான்டா." நம்பல. அந்த வாரம் ஊருக்குப் போய் உக்காந்து பாத்தா நெஜம்தான். சேருக்கு பின்னாடி சுவத்துல அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ, நல்லா பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு, கேமரா அதப் பாத்து அப்பான்னு நினைச்சுக்கிட்டு தொறக்குது! என் போன்ல அவர் டிபிய காட்டினேன், அதுக்கும் தொறந்துச்சு. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

நோண்டிப் பாத்தப்பதான் புரிஞ்சுது. விண்டோஸ் ஹலோன்னு 2015-ல விண்டோஸ் 10 கூட வந்த ஃபேஸ் லாகினுக்கு சாதா வெப்கேம் பத்தாது, கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்துல பாக்கற ஐஆர் கேமரா வேணும், கலர் போட்டோவையோ போன் ஸ்க்ரீனையோ காட்டினா அந்த வெளிச்சத்துல மூஞ்சி மாதிரியே தெரியாது. இவங்க குடுத்ததுல அந்த கேமராவே கிடையாது. ஒரே மாடல்லயே ஐஆர் கேமரா வச்சும் வரும் வைக்காமலும் வரும், நம்மளுது வைக்காதது, அதுல ஏதோ ஒரு சாஃப்ட்வேர ஏத்தி, அது விண்டோஸ் பாஸ்வேர்ட கேட்டு வாங்கி வச்சுக்கிட்டு மூஞ்சி பொருந்தினா உள்ள விடுது. அதுக்குள்ள போய்ப் பாத்தா ரெண்டு மூஞ்சி பதிஞ்சிருக்கு. ஒண்ணு அப்பா, இன்னொண்ணு அந்த ரிச்சி ஸ்ட்ரீட் பையன்! டெமோ காட்டினத அழிக்கவே இல்ல. எங்க கடைக் கணக்கு அவனுக்கும் தொறக்கும்.

வெப்கேம் லாகின் போட்டோவுக்கு ஏமாறும்ங்கறது 2009-லயே சந்தி சிரிச்ச விஷயம். லெனோவோ, ஆசஸ், தோஷிபா லேப்டாப்ல அப்ப வந்த ஃபேஸ் லாகின எல்லாம் வியட்நாம்காரங்க போட்டோ காட்டியே தொறந்து பிளாக் ஹாட்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு மாநாட்டுல காட்டிட்டாங்க. ஹலோவும் ஒண்ணும் சாமி கிடையாது, 2017-ல ஜெர்மனில இன்ஃப்ராரெட்ல எடுத்த போட்டோவ பிரின்ட் போட்டு ஏமாத்தினாங்க, 2023-ல மூணு லேப்டாப்போட ஃபிங்கர்பிரின்ட் சென்சாரையும் ஒரு டீம் தாண்டிடுச்சு. ஆனா அதுக்கெல்லாம் கைதேர்ந்த ஆளு வேணும், எங்களுதுக்கு ஃப்ரேம் போட்ட கல்யாண போட்டோ போதும்.

கடைல போய் கேட்டா ஓனர் அசரவே இல்ல. "ஃபேஸ் லாகின்னு தான சொன்னேன் சார், ஹலோன்னு சொன்னேனா?" ரிட்டர்ன் கிடையாதாம், வேணும்னா 1,800 ரூபாய்க்கு யூஎஸ்பி ஃபிங்கர்பிரின்ட் ரீடர் தர்றாராம். ரேகையே இல்லாத மனுஷனுக்கு! பில்லக் கேட்டா அன்னைக்கு குடுத்தது ஜிஎஸ்டி நம்பர் கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டு, அதுல "லேப்டாப் ஐ5 8ஜிபி"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். அந்த வாட்ஸ்அப் மெசேஜ மட்டும் நான் அழிக்காம வச்சிருந்தது புண்ணியம்.

வாங்கப் போறவங்க பணம் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ், அதுல சைன்-இன் ஆப்ஷன்ஸ் தொறந்து ஃபேஷியல் ரெகக்னிஷன அமுக்கிப் பாருங்க, கேமரா ஒத்துவராதுன்னு வந்துச்சுன்னா அவன் என்ன டெமோ காட்டினாலும் எழுந்து வந்துடுங்க. ஃபிங்கர்பிரின்ட்டும் அதே இடத்துலதான், பட்டன் மேல படம் போட்டிருக்குன்னு நம்பாதீங்க. ஐஆர் கேமராவான்னு பில்லுலயே எழுதி வாங்குங்க.

அந்த சாஃப்ட்வேர தூக்கிட்டு பாஸ்வேர்டையும் மாத்தியாச்சு. இப்ப ஆறு நம்பர் பின், அப்பா அதையும் காலண்டர்ல எழுதப் போனாரு, தடுத்து வச்சிருக்கேன். 1915-க்கு போன் பண்ணி நுகர்வோர் புகார் குடுத்தேன். நேத்து கடை ஓனரே கூப்பிட்டு ரெண்டாயிரம் திருப்பித் தரேன், புகார வாபஸ் வாங்குங்க சார்னாரு. ஸ்பீக்கர்ல கேட்டுட்டிருந்த அப்பா, "முழுசா கேளுடா, இல்லன்னா அந்தப் பையன் மூஞ்சியையும் சேத்து திருப்பி அனுப்பு"ங்கறாரு.