பழவேற்காட்டில் கயாக்கில் போய் பூநாரை பார்க்கலாம் என்று 9,600 ரூபாய் வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று காலை நடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே சமூக வலைத்தளப் பக்கத்தில் ஆள் சேர்க்கிறார்கள், அதனால் இன்றே எழுதுகிறேன்.

பயணம் ஏற்பாடு செய்யும் பக்கம் அது. பழவேற்காடு ஏரியில் விடியற்காலை கயாக் (நாமே துடுப்புப் போடும் சின்னப் படகு), பூநாரைக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே போகலாம், தலைக்கு 2,400 ரூபாய். நான், தம்பி, என் இரண்டு பிள்ளைகள். மொத்தம் 9,600 ரூபாய்.

கண்ணை மூடிக்கொண்டு பணம் போடவில்லை. பக்கத்தை நடத்துகிறவனுக்குப் போன் போட்டு, மூத்தவளுக்கு நீச்சல் தெரியாது என்று சொல்லிக் கேட்டேன். "ஏரி இடுப்பளவுதான் அக்கா, பாப்பா சைஸுக்கு லைஃப் ஜாக்கெட் தனியா எடுத்து வெக்கிறேன், நானே பக்கத்துல வர்றேன்" என்றான். வனத்துறை அனுமதி என்று ஒரு கடிதத்தின் படம் அனுப்பினான். பிள்ளைகளின் எடையைக்கூடக் கேட்டுக் குறித்துக்கொண்டான். அதில்தான் விழுந்தேன். எடை கேட்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? அன்று ராத்திரியே முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

மூன்றரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, பொன்னேரி வழியாகப் போய், ஆறு மணிக்கு முன்பே பாலத்தடியில் நின்றோம். எங்களைப் போல இன்னும் பதினோரு பேர். கயாக் ஒன்றுகூட இல்லை. ஆறரைக்கு "வண்டி பஞ்சர்" என்றான். ஏழு மணிக்கு "காத்து ஜாஸ்தி அக்கா" என்றான். கரையில் காயப்போட்ட வலைகூட அசையவில்லை. ஏழரைக்கு, "அங்க ஒரு ஃபைபர் போட் நிக்கும், ஏறிக்கோங்க, தலைக்கு 300 மட்டும் குடுத்துடுங்க" என்றான். அந்தப் படகில் ஒரு லைஃப் ஜாக்கெட்கூட இல்லை.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் தடுத்தார். "குழந்தைங்களோட ஏறாதம்மா. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு இங்கதான் படகு கவுந்து 22 பேர் போனாங்க. அதுலேர்ந்து சவாரிக்கே தடை." பூநாரை முழங்கால் தண்ணீரில் மேயும், படகு கிட்டே போனாலே கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும் என்றும் சொன்னார். அப்படியானால் அந்த அனுமதிக் கடிதம்?

வீட்டுக்கு வந்து விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் வளைந்து இறங்கும் குறுகலான கால்வாய். பிச்சாவரத்தில் பார்க்கிற காட்சி அது. நாங்கள் நின்ற இடமோ வெட்டவெளி ஏரி. பணம் போடும் முன் இதைப் பார்க்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பணத்தைக் கேட்டதற்கு முதலில் "ஏழு வேலை நாள் ஆகும்". மதியம் "காத்து, மழைன்னா ரீஃபண்ட் கிடையாது". சாயங்காலம் "போட் ரெடியா இருந்தது, நீங்கதான் ஏறல". அதன்பின் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். தம்பி வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டதும், குரலைக் கேட்டதுமே துண்டித்தான். 9,600 ரூபாய். என் பாதி மாத வாடகை.

முன்பணம் கேட்டால் முழுசாகக் கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதம் காட்டினால் வனத்துறை அலுவலகத்துக்கே பேசிக் கேளுங்கள். ஜாக்கெட் இல்லாத படகில் யார் சொன்னாலும் ஏறாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்றப் புகார் எண் 1930க்குக் கூப்பிடுங்கள். நான் ராத்திரிதான் கூப்பிட்டேன், புகார் பதிவாகியிருக்கிறது.

பாலத்தடியில் எங்களோடு நின்ற பதினோரு பேரில் யாராவது இதைப் பார்த்தால் எனக்கு எழுதுங்கள். பணம் அனுப்பிய ரசீதை அழித்துவிடாதீர்கள், சேர்ந்தே காவல் நிலையத்துக்குப் போவோம்.