மட்டக்களப்பிலிருந்து சென்னைக்கு: பலாலியா, கட்டுநாயக்காவா?

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் மட்டக்களப்பிலிருந்து சென்னை ஏறக்குறைய 610 கிலோமீட்டர்தான், ஆனால் நம்ம ஊரிலிருந்து நேரே பறக்க வழியில்லை. வடக்கே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கோ மேற்கே கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கோ முதலில் தரைவழியாகப் போயாக வேண்டும்.

பலாலிக்காக வாதாடுபவர்கள் "அங்கயிருந்து சென்னை கிட்டத்தானே" என்பார்கள். தூரத்தைப் பார்த்தால் சரிதான், பலாலியிலிருந்து ஆகாய வழியில் 355 கிலோமீட்டர் அளவு, கட்டுநாயக்காவிலிருந்து 650. ஆனால் தூரம் பாதி என்பதற்காக நேரமும் பாதியாகிவிடாது. பலாலி ஓடுபாதை கட்டை, அதனால் அங்கே வருவது ஏடிஆர் 72 என்ற சின்ன விமானம், இறக்கையில் காற்றாடி சுழலும் ரகம், வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் சொச்சம். கட்டுநாயக்காவிலிருந்து போகும் ஜெட் உயரத்துக்குப் போய்விட்டால் 800ஐத் தொட்டுவிடும். டிக்கெட்டில் போடுகிற நேரத்தில் ஓடுபாதைக்கு உருண்டு போவதும் இறங்க இடம் கிடைக்கும் வரை வட்டமடிப்பதும் சேர்ந்தே இருப்பதால், கடைசியில் இரண்டுக்கும் ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி என்று பக்கத்துப் பக்கத்துக் கணக்குத்தான் வரும்.

அப்போ தீர்மானிப்பது தரைவழிதான். பலாலிக்கு திருகோணமலை, வவுனியா வழியாகப் போகலாம். முன்பு அந்தக் கரையோரப் பாதையில் கிண்ணியாவில் வாகனத்தைப் படகுப் பாதையில் ஏற்றிக் காத்துக்கிடக்க வேண்டும், 2009இல் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. இருந்தாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், யாழ்ப்பாண டவுனிலிருந்து பலாலிக்கு இன்னும் கொஞ்சம். கட்டுநாயக்காவும் முந்நூறுக்குக் கிட்டத்தான். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், அங்கிருந்து 2022இல் திறந்த அதிவேகப் பாதையில் மீரிகம வரை வேன் பறக்கும், பிறகு மினுவாங்கொடைப் பக்கம் இறங்கினால் கொழும்பு நெரிசலுக்குள் போகவே தேவையில்லை. இரவில் வெலிக்கந்தை, ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே நிற்கும், டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். கோச்சியில் போகிறவர்களுக்கும் அதே கதைதான், 2025 பெப்ரவரியில் மீனகயா கோச்சி மோதி ஆறு யானைகள் செத்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

பலாலியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மொத்தமே எழுபது பேர் சொச்சம் ஏறுகிற விமானம் என்பதால் குடிவரவு வரிசை சீக்கிரம் நகரும், வயதான அம்மாவைக் கூட்டிப்போனால் நீளமான நடையும் இல்லை. ஆனால் விமானத்தைத் தவறவிட்டாலோ, மழைக்கு ரத்தானாலோ அன்றைக்கே வேறொன்று கிடைப்பது கஷ்டம், யாழ்ப்பாணத்தில் தங்க ஒரு சொந்தக்கார வீடு இருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் சென்னைக்கே பல கம்பனிகள், திருச்சிக்கும் மதுரைக்கும்கூட விமானம் உண்டு.

எனவே யாழ்ப்பாணத்தில் வேலையோ சொந்தமோ இருந்தால் பலாலி, மற்றபடி நான் கட்டுநாயக்காதான் சொல்வேன். விலை நாளுக்கு நாள் மாறும், வேன் கூலியையும் சேர்த்துப் பாருங்கள், நாலு பேர் பங்கு போட்டால் கணக்கே வேறு.

கல்முனை, அக்கரைப்பற்றுக்காரருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை, பலாலி அவர்களுக்கு இன்னும் தூரம். அம்பாறையிலிருந்து வருபவர்கள் மகியங்கனை, கண்டி வழியையும் பார்க்கலாம். அந்த வழியில் வருகிற பதினெட்டு வளைவு மலைப்பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளை கூட இருந்தால் மட்டும் ஹபரணையே மேல்.