24 வயதில் பல் கம்பி: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

2020 பிப்ரவரியில் சிங்கப்பூரில் என் பற்களில் கம்பி ஏறியபோது எனக்கு வயது 24. 2022 ஜூனில் கழற்றினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, நேராக்கிய பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை மாட்டாமல் நான் தூங்கியது மிகச் சில இரவுகள்தான். அந்த இரவுகளைப் பற்றியும் சொல்கிறேன். இதை எழுத வைத்தவள் என் சித்தி மகள். வயது 22, வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. போன மாதம் வீட்டுக்கு வந்தவள் கண்ணாடி முன்னால் நின்று கீழுதட்டை இழுத்துக் காட்டி, “அக்கா, நானும் கம்பி போட்டுக்கொள்ளட்டுமா?” என்றாள். போடு என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அன்று இரவு அவளிடம் பேசியதையும் பேசாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மேல்வரிசையில் வலப்பக்கம் ஒரு தெற்றுப்பல் இருந்தது. பாட்டிக்கு அதன்மேல் தனிப் பிரியம். “தெற்றுப்பல் அதிர்ஷ்டமடி” என்பார். எனக்கும் அது பிடித்தே இருந்தது. உயர்நிலைப் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் பலர் கம்பியோடு வந்தார்கள். எங்கள் வீட்டிலோ ஒருவர் சம்பளத்தில் மூன்று பிள்ளைகள். கேட்கவே எனக்குத் தோன்றவில்லை.

என்னை மருத்துவரிடம் போக வைத்தது தெற்றுப்பல்லுக்குப் பக்கத்துப் பல். வாயை மூடும்போது மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னால் இறங்க வேண்டும். அந்த ஒரு பல் மட்டும் பின்னால் இறங்கி, எதிரே இருந்த கீழ்ப்பல்லை ஒவ்வொரு கடிக்கும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. 2019இல் பல் சுத்தம் செய்யப் போனபோது மருத்துவர் கைக்கண்ணாடியைக் கொடுத்து அந்தக் கீழ்ப்பல்லைக் காட்டினார். பக்கத்துப் பற்களைவிட அது நீளமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஈறு இறங்கிப் பல்லின் வேர் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது. இறங்கிய ஈறு தானாக ஏறி வராது என்றார்.

அதற்கு முன்பே உறவினர்கள் “கல்யாணத்துக்கு முன்னால் பல்லைச் சரிசெய்துவிடு” என்று சொல்லிப் பார்த்திருந்தார்கள். அந்தக் காரணத்துக்காகப் போட்டிருந்தால் ஆறாவது மாதத்திலேயே நான் கழற்றச் சொல்லியிருப்பேன். வலிக்கும்போது, செலவாகும்போது, பிடித்ததைச் சாப்பிட முடியாதபோது, எதற்காக இதைச் செய்கிறோம் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும். அப்போது அடுத்தவர் சொன்ன காரணம் தாங்காது. எனக்கு அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு கண்முன்னால் நின்றது.

இரண்டு பல் சீரமைப்பு நிபுணர்களைப் பார்த்தேன். சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் ஒருவர் பொதுப் பல் மருத்துவரா, இந்தத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்ற நிபுணரா என்று யாரும் தேடிப் பார்க்கலாம், நான் பார்த்தேன். முதலாமவர் பல் பிடுங்காமலே செய்யலாம் என்றார். பற்களின் ஓரங்களை மில்லிமீட்டரின் சிறு பகுதி அளவுக்குத் தேய்த்து இடம் உண்டாக்கி, மீதியை வரிசையை முன்னால் விரித்துச் சமாளிக்கலாம் என்பது அவர் திட்டம். இரண்டாமவர் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுக்க வேண்டும் என்றார். ஒரு சொத்தைகூட இல்லாத நான்கு பற்கள். அன்று அவருடைய அறையில் நான் அழுதேன். அவர் அவசரப்படாமல் எக்ஸ்ரேயைத் திருப்பிக் காட்டி, என் கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு மெல்லியது, ஈறு ஏற்கெனவே இறங்கியிருக்கிறது, பற்களை இன்னும் முன்னால் தள்ளினால் எந்த ஈறைக் காப்பாற்ற வந்தாயோ அதுவே மேலும் இறங்கும் என்று விளக்கினார். அந்த விளக்கத்துக்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தேன். வேறொருவர் வாய்க்குப் பல் எடுக்காத வழியே சரியாக இருக்கலாம். ஆனால் இரண்டு பேரிடம் கேட்காமல் நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 1,800 சிங்கப்பூர் வெள்ளி, பிறகு 24 மாதங்களுக்கு மாதம் 160 வெள்ளி, மொத்தம் 5,640. பல் பிடுங்கியதற்குத் தனியாக 440. மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவில் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் அம்மா நினைத்திருந்தார். கம்பி போடுவது அறுவைச் சிகிச்சை ஆகாது, அதனால் மெடிசேவைத் தொட முடியாது. கீழே சாய்ந்து புதைந்திருந்த ஞானப்பல்லை அறுத்து எடுத்தபோது அதற்கு மட்டும் மெடிசேவ் கைகொடுத்தது. மருந்தகக் கட்டணத்துக்கு அரசு மானியம் தரும் ‘சாஸ்’ அட்டையும் கம்பிக்குச் செல்லாது.

பல் எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு வலியைப் பொறுப்பது எனக்குச் சற்று எளிதாயிற்று. பல் எலும்பில் ஆணி போல அறையப்பட்டிருக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய இழைப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கம் எலும்பு கரைகிறது, பல் விட்டுவந்த பக்கம் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் நகரும். இந்தக் கரைதலும் வளர்தலும் வேகமாக நடந்தால் பல்லின் வேரும் சேர்ந்து குட்டையாகலாம் என்பதால், மருத்துவரை அவசரப்படுத்துவதில் பயனில்லை. ஒவ்வொரு முறை இறுக்கிய பிறகும் மூன்று நாட்களுக்கு வலி. இரண்டாம் நாள்தான் மோசம். இட்லியைக்கூட நாக்கால் மசித்து விழுங்கினேன். தொடக்க மாதங்களில் போடும் நிக்கல் டைட்டானியக் கம்பிகளில் உடல் வெப்பத்தில் முறுக்கேறும் வகை உண்டு. என்னுடையது அந்த வகை. குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் சிறிது நேரம் அது தளர்ந்துகொடுக்கும். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை, நான்காவது மாதத்தில்தான் தெரிந்தது.

கம்பி போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2020 ஏப்ரல் 7ஆம் தேதி ‘சர்க்கியூட் பிரேக்கர்’ முடக்கம் வந்தது. பல் மருந்தகங்கள் அவசரச் சிகிச்சை மட்டும் அளித்தன. பற்கள் நெருங்க நெருங்கக் கம்பியின் முனை பின்பக்கமாக நீண்டு வந்து கன்னத்தைக் குத்தியது. மருந்தகத்தில் கொடுத்திருந்த மெழுகை உருட்டி முனையில் ஒட்டி இரண்டு வாரம் ஓட்டினேன். கன்னத்தின் உட்புறம் புண்ணான பிறகு தொலைபேசியில் அழைத்தேன். அவசரம் என்று ஏற்று வரச்சொல்லி முனையை வெட்டிவிட்டார்கள். பத்து நிமிட வேலை. முதல் வாரமே அழைத்திருக்கலாம்.

பாலர் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவருக்கு நடந்தது இதைவிடக் கடினம். கட்டணம் ஏறக்குறைய பாதி என்பதால் அவர் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவில் கம்பி போட்டிருந்தார். சனிக்கிழமை காலையில் பாலத்தைக் கடந்து பல்லைக் காட்டி, பொருள்கள் வாங்கி, மாலையில் திரும்புவார். 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. தரைவழி முழுவதுமாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை ஆயிற்று. ஒரு மருத்துவர் தொடங்கிய சிகிச்சையை நடுவில் ஏற்றுக்கொள்ள இங்கே பலர் தயங்கினார்கள். கடைசியில் ஒருவர் பழைய கம்பி முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அந்த ஆசிரியை இரண்டு முறை பணம் கட்டினார். அப்படி ஒரு கொள்ளைநோய் மீண்டும் வரும் என்று நான் சொல்லவில்லை. கம்பி போட்டவருக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் தேவை, முனை குத்தினால் அன்றைக்கே தேவை. வேலை முடிந்து போய்ச்சேர முடிகிற இடத்தில் அவர் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றித் தமிழ் வீடுகளுக்கென்றே சில செய்திகள் உண்டு. கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சிறு துண்டுதான் பிராக்கெட். மேல்வரிசைக்குப் பல் நிறத்திலான செராமிக் பிராக்கெட், கீழ்வரிசைக்கு உலோகம் என்று தேர்ந்தெடுத்தேன். கீழேயும் செராமிக் போட்டால் அதன் கடினம் மேல்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும் என்று மருத்துவர் மறுத்தார். கம்பியைப் பிடித்துவைக்க நிறமில்லாத ரப்பர் வளையங்களைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு மீன் குழம்பு, மறுநாள் காலையில் பராட்டாவுக்குப் பருப்புக் குழம்பு. அவ்வளவுதான், வளையங்கள் மஞ்சளாகிவிட்டன. செராமிக் கறை ஏற்கவில்லை, வளையம் ஏற்றது. அடுத்த சந்திப்புவரை ஐந்து வாரம் அப்படியே இருந்தேன். அதன்பின் எப்போதும் அடர் சாம்பல் நிறம். நம் சமையலில் மஞ்சள் இல்லாத நாள் ஏது? நிறமில்லாத வளையத்தை நம்மில் யாரும் வாங்கவே வேண்டாம். முறுக்கு வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். 2020 தீபாவளியன்று அம்மா சுட்ட கைமுறுக்கை ஊறவைத்துத் தின்னலாம் என்று எடுத்தேன். ஒரு பிராக்கெட் கழன்று கையோடு வந்தது. அந்தப் பல்லின் நகர்வு ஒரு மாதம் பின்தங்கியது. புட்டு, இடியாப்பம், தயிர்ச் சோறு, மசித்த கீரை ஆகியவைதான் அந்த 28 மாதங்களில் என்னைக் காத்தவை.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பள்ளியில் பல் துலக்க நேரம் கிடைக்காத நாட்கள் பல. கம்பியைக் கழற்றியபோது இரண்டு மேல்பற்களில் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெண்மையான தடம் தெரிந்தது. எனாமலிலிருந்து தாதுச்சத்து கரைந்த அடையாளம் அது. இந்த ஊர்க் குழாய்நீரில் 1950களிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள். அதுகூட, கம்பியைச் சுற்றி மணிக்கணக்கில் ஒட்டியிருந்த சோற்றுக்கு முன் போதவில்லை. கீழே முன்பற்கள் இரண்டுக்கு நடுவில் ஈறோரம் முக்கோண வடிவில் ஒரு சிறு இடைவெளியும் வந்தது. நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தவரை தெரியாதது, நேரானதும் தெரிந்தது. வளர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி ஏற்படும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். தினமும் அங்கே கீரை சிக்குகிறது, சிறிய இடைப்பல் தூரிகையால் எடுக்கிறேன்.

ஆனால் கடி சரியாயிற்று. அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு மேலும் இறங்கவில்லை. மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பரிசோதனையிலும் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

தெற்றுப்பல் வரிசைக்கு இறங்கிய பிறகு ஒருநாள் பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கேயம்மா அது?” என்று கேட்டார். பல்லை யாரும் எடுக்கவில்லை, அதே பல்தான் கீழே வந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். பழைய புகைப்படங்களில் அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. முகம் மாறும் என்று தெரிந்தே போட்டேன். இருந்தாலும் பிரிவு பிரிவுதான்.

கம்பி கழன்ற அன்று மேல்வரிசைக்குக் கொடுத்தது அண்ணத்தை மூடும் தகடுள்ள ரிட்டெய்னர். கீழ்வரிசைக்குப் பற்களின் பின்புறம் ஒட்டிய மெல்லிய கம்பி. நான் பாலர் பள்ளியில் தமிழாசிரியை. மேல் தகடோடு வகுப்புக்குப் போன முதல் நாள் ‘மழை’ என்றேன். நாக்கு மடிந்து மேலே போகும் இடத்தில் தகடு நின்றது. ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, “டீச்சர், மலையா?” என்று கேட்டது. ழ, ள, ண மூன்றும் குழம்பின. அந்த எழுத்துகளைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் கற்கிறார்கள். என் வாயிலிருந்து தவறாக ஒன்றைக் கற்றுவிடக் கூடாதே என்று தவித்தேன். மருத்துவரிடம் சொன்னதும் அண்ணத்தைத் தொடாமல் பற்களை மட்டும் மூடும் தெளிந்த பிளாஸ்டிக் ரிட்டெய்னருக்கு மாற்றினார். பேசிப் பிழைக்கும் வேலையில் இருப்பவர்கள் இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும், பிறகு இரவுதோறும். அந்த ஆறு மாதத்தில் ஒருநாள் உணவங்காடி நிலையத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது ரிட்டெய்னரைக் கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைத்தேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கொண்டுபோய் உரிய இடத்தில் வைத்துவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டேன். நினைவு வந்து திரும்பியபோது எல்லாம் குப்பையில். புதியது செய்து கைக்கு வரப் பத்து நாள், 260 வெள்ளி. மாட்டியபோது இறுகிப் பிடித்தது. பத்தே இரவுகளில், முன்பு பின்னால் இறங்கியிருந்த அந்த மேல்பல் உள்நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது. இப்போது கெட்டியான பெட்டி இல்லாமல் வாயிலிருந்து அது வெளியே வருவதில்லை.

என் அண்ணன் கம்பிக்குப் பதிலாகத் தெளிந்த பிளாஸ்டிக் உறைகளைத் தேர்ந்தெடுத்தார். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். அவர் ஐந்து தேநீர் குடிப்பவர். சூடான தேநீருக்கு உறையைக் கழற்ற வேண்டும், குடித்த பின் துலக்கிவிட்டு மாட்ட வேண்டும். ஐந்தாவது மாதத்தில் நிறுத்திவிட்டார். உறை நல்ல சாதனம்தான், அவர் வாழ்க்கைக்கு அது பொருந்தவில்லை.

சித்தி மகளின் வாயைப் பார்த்தேன். கடி சரியாக இருப்பதாகவே தெரிகிறது. கீழே இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே சாய்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். முதலில் பல்லைச் சுத்தம் செய்து ஈறைப் பரிசோதித்துக்கொள், பிறகு நிபுணரிடம் போய், “ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்து ஆண்டில் என்ன ஆகும்?” என்று கேள் என்றேன். “ஒன்றும் ஆகாது” என்று அவர் சொன்னால், கம்பி வேண்டுமா என்பது அவளுடைய விருப்பம் மட்டுமே. அப்படி விரும்பிப் போட்டுக்கொள்வதிலும் தவறில்லை.

அவள் என் ரிட்டெய்னர் பெட்டியைத் திறந்து பார்த்தாள். “இதை எத்தனை வருடம் போட வேண்டும் அக்கா?”

“பல் இருக்கும்வரை.”

பெட்டியை மூடி என் கையில் கொடுத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். வரும் சனிக்கிழமை இரண்டரை மணிக்கு அவளுக்குச் சந்திப்பு. நானும் கூடப் போகிறேன்.