பேண்ட் கட்டி மூன்று வருஷம்: வரப்பில் நடந்தால் நடை இல்லையா?

எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணும் கைப் பேண்டின் பட்டை இரண்டாம் தடவையாக அறுந்து, மன்னார்குடியில் புதுசு மாட்டிக்கொண்டிருந்தபோது சம்பந்தி போன் செய்தார். "டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. உங்க கையில இருக்கிறதுபோல ஒண்ணு வாங்கட்டுமா?" போனில் சொல்லி மாளவில்லை, எழுதுகிறேன்.

என் குறை ஒன்றுதான். மூன்று வருஷமாக ஆறவில்லை. பாமணியாற்றுத் தண்ணீர் வந்த குறுவைச் சமயம். விடியலிலேயே மம்பட்டியைத் தோளில் போட்டு, வரப்பு வரப்பாகப் போய் மடை திறந்து, உடைப்புக்கு மண் வைத்துக் கரையேறினால் பேண்டில் 1,140! மூன்று மணி நேரம் நடந்தவனுக்கு இதுவா கணக்கு? அது காலை எண்ணவில்லை, கை வீச்சை எண்ணுகிறது. மம்பட்டிக் காம்பைப் பிடித்த கை எங்கே வீசும்? சைக்கிளைத் தள்ளி வந்தாலும் இதே கதி. ஒருநாள் மடியில் போனையும் செருகிக்கொண்டு போனேன். வாய்க்கால் கரை முழுக்க நடந்ததில் போன் 2,310, பேண்ட் 640. ராத்திரி "இலக்கு எட்டவில்லை" என்று வேறு அதிரும். உழைத்த உடம்பிடம் சொல்கிற பேச்சா இது?

நாளுக்கு 10,000 அடி என்கிற அந்த இலக்கும் வைத்தியம் பார்த்து வந்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைமானியின் பெயர் 'மான்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. பெயரே இலக்காகிவிட்டது. சராசரி 72 வயதுள்ள பெண்களை வைத்து அமெரிக்காவில் 2019-ல் வந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு குறைவு. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை.

அதைப் படித்தபிறகு இலக்கை நானே வைத்தேன். வழக்கம்போல் இருந்த ஒரு வாரத்தின் சராசரி 3,900. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டினேன். மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் எனக்கு 1,800 பக்கம் வரும். அங்கே கை வீசி நடந்து, வாய்விட்டு நூறு எண்ணிப் பார்த்தால் பேண்டில் 98, 101 என்று நிற்கும், அவ்வளவு துல்லியம். இப்போது 7,000. மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை, சாப்பிட்ட கையோடு படுக்கிற பழக்கமும் போய்விட்டது. இந்தப் பட்டை இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனாலும் சம்பந்தி, வாங்காதீங்க. உங்களுக்குப் பாதி நாள் வயல்தான். இருக்கிற போனைப் பாலித்தீன் பையில் சுற்றி மடியில் செருகிக்குங்க, போதும். சர்க்கரைக் கால், வரப்புக்குப் போய் வந்தால் பாதத்தை ஒருமுறை பார்த்துடுங்க.

நான் நாளைக்குப் புதுப் பட்டையைக் கணுக்காலில் கட்டிப் போய்ப் பார்க்கிறேன்.