பைக்கில் அடிபட்டால் விக்காவா, வழக்கா?

சிங்கப்பூரில் பைக்கில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் 'விக்கா (வேலையிடக் காய இழப்பீடு) போடு' என்பார்கள், மீதிப் பேர் 'வக்கீலைப் பார்' என்பார்கள். அது இல்லாவிட்டால் இது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது.

விக்கா, அதாவது வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது அடிபட்டவர்களுக்கானது. கம்பெனிப் பொருளைக் கொடுக்கத் துவாஸ் போகும் வழியில் விழுந்தால் உண்டு. காலையில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து கடற்பாலம் தாண்டிச் சொந்த பைக்கில் வேலைக்கு வரும்போது உட்லண்ட்ஸில் விழுந்தால் பொதுவாக இல்லை. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் வந்திருந்தால் கதை வேறு. செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் இதே பாதுகாப்பு கிடைக்கிறது. ஆனால் ஆர்டரை ஏற்று ஓடும் நேரத்துக்குத்தான், காப்பிக்கடையில் காத்திருக்கும் நேரத்துக்கு இல்லை.

விக்காவின் பெரிய பலம், தப்பு யாருடையது என்று கேட்காதது. மழையில் நீங்களே சறுக்கி விழுந்திருந்தாலும் கிடைக்கும், குடித்திருந்தால் தவிர. எம்சியில் (மருத்துவ விடுப்பில்) இருக்கும்போது சராசரிச் சம்பளம் வரும்: ஆஸ்பத்திரியில் தங்கினால் 60 நாள்வரை, வெளிநோயாளி எம்சி என்றால் 14 நாள்வரை முழுதாக. அதற்கு மேல் ஓராண்டுவரை மூன்றில் இரண்டு பங்கு. மாதம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறவருக்கு அது 1,000 வெள்ளி. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்து என்றால் மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. நிரந்தர ஊனத்துக்கு டாக்டர் ஒரு சதவீதம் போடுவார். அதை வயதுக்கேற்ற ஒரு பெருக்கெண்ணோடும் சம்பளத்தோடும் பெருக்கித் தொகை வரும். முழு ஊனத்துக்கு உச்சவரம்பு 346,000 வெள்ளி.

வலிக்கு மட்டும் அதில் ஒரு காசும் கிடையாது. முட்டி மடங்காமல் போய், ஊரில் அப்பாவின் தோட்டத்தில்கூட இனி குனிந்து வேலை செய்ய முடியாது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. வழக்கில் வரும். பட்ட வலி, இழந்த வாழ்க்கைச் சுகம், இனிமேல் சம்பாதித்திருக்கக்கூடியது, பின்னால் வரப்போகும் ஆபரேஷன் செலவு என்று எல்லாவற்றையும் கேட்கலாம், உச்சவரம்பும் இல்லை. சாலை விபத்துக் காய வழக்குகளை 500,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கும். அதற்கு மேல் உயர் நீதிமன்றம்.

விலை என்னவென்றால், எதிராளியின் தப்பை நீங்கள் நிரூபிக்க வேண்டும். உங்கள் பங்குத் தப்புக்கும் கழிப்பார்கள். மொத்தக் கணக்கு 80,000 வெள்ளி, உங்கள் தப்பு 30 சதவீதம் என்றால் கைக்கு வருவது 56,000. லோரிகளுக்கு நடுவே புகுந்து வந்த பைக்குக்கு இந்த வெட்டு அதிகமாகவே விழும். அதனால் காரின் கேமராப் பதிவு, சாட்சியின் நம்பர், போலீஸ் புகார் எல்லாம் முதல் நாளிலேயே வேண்டும். தீர்ப்போ சமரசமோ வர ஓரிரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். வேலை பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகவேண்டிய தம்பிக்கு அந்தக் காத்திருப்பு லேசானதில்லை.

என்னைக் கேட்டால், தப்பு முழுக்க எதிராளியுடையது, பதிவும் இருக்கிறது, காயமும் பெரியது என்றால் வழக்கு. தப்பு இரண்டு பக்கமும் கலந்திருந்தாலோ, சாட்சி இல்லாவிட்டாலோ விக்காவை விடக்கூடாது. பெரிய தொகை கண்ணில் ஆடுகிறதே என்று கையில் இருக்கும் கோரிக்கையை வாபஸ் வாங்குவதற்கு முன் வக்கீலிடம் 'எனக்கு எத்தனை சதவீதத் தப்பு வரும்?' என்று நேராகக் கேளுங்கள். அரசு நீதிமன்றங்களும் சிங்கப்பூர்ச் சட்டக் கழகமும் நடத்தும் 'மோட்டார் ஆக்சிடென்ட் கிளைம்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகவே ஒரு தோராயக் கணக்குப் பார்க்கலாம்.

பின்சீட்டில் இருந்தவர் சொந்த வேலையாகப் போனவர் என்றால் அவருக்கு விக்கா இல்லை. ஆனால் வழக்கில் அவர் கைதான் ஓங்கியிருக்கும், ஓட்டாதவர் மேல் தப்பு ஏறுவது அரிது. வீட்டுக்காரர் ஓட்டி விழுந்திருந்தால் மனைவி அவர் மேலேயே வழக்குப் போடலாம். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்தான், ஆனால் பணம் தரப்போவது பைக்கின் காப்புறுதி நிறுவனம். இடித்தவன் நிற்காமல் ஓடிவிட்டான், வண்டி நம்பரும் தெரியாது என்றால் வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவிடம் முறையிடலாம்.

மூன்றாவதாக ஒரு வழியை ரோட்டோரத்திலேயே நீட்டுவார்கள்: 'போலீஸ் வேண்டாம், 800 வெள்ளி வாங்கிக்கோ.' வீங்கிய மணிக்கட்டு மறுவாரம் எலும்பு முறிவாக மாறும், அதற்குள் 'இனி எதுவும் கேட்கமாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். காப்புறுதி நிறுவனம் நீட்டும் டிஸ்சார்ஜ் வவுச்சரும், அதாவது இந்தத் தொகையோடு கணக்கு முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் தாளும், இதே வகைதான். காயம் இதற்கு மேல் மாறாது என்று டாக்டர் சொல்லும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.

அதற்காக அசந்தும் இருக்க முடியாது. விக்காவுக்கு விபத்து நடந்து ஓராண்டுக்குள், வழக்குக்கு மூன்றாண்டுக்குள். அப்புறம், வார்டு வாசலில் வந்து 'ஜெயித்தால் இத்தனை சதவீதம் கொடு, போதும்' என்று வக்கீலின் பெயரைச் சொல்லிக் கார்டு நீட்டுகிறவரிடம் கார்டையே வாங்காதீர்கள். காய வழக்கில் வக்கீல் அப்படிப் பங்கு கேட்க இங்கே சட்டம் இடம் தருவதில்லை.