நெபுலா படமெடுக்கக் கேமராவின் ஃபில்டரை மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபில்டரை மாற்றக் கொடுக்க எண்ணியிருக்கும் வானப் புகைப்பட ஆர்வலர்களுக்காக இதை எழுதுகிறேன். ரோசெட், குதிரைத்தலை போன்ற நெபுலாக்களில், அதாவது விண்வெளியின் வாயு, தூசு மேகங்களில், தெரியும் சிவப்பு, ஹைட்ரஜன் வெளியிடும் 656.3 நானோமீட்டர் ஒளியாகும். சாதாரண கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், அகச்சிவப்பைத் தடுக்கும்போது இந்த ஒளியிலும் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அதை நீக்கி, இந்தச் சிவப்பை உள்ளே விட்டு அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் ஃபில்டரைப் பொருத்தித் தருவதாகச் சொல்லி, ஒருவர் என்னிடம் முழுத் தொகையையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்த கேமராவில் விண்மீன்கள் புள்ளியாக விழவில்லை. எவ்வளவு நுணுக்கமாக ஃபோகஸ் செய்தாலும் ஒவ்வொன்றையும் சுற்றி ஊதிப்போன ஒளிவட்டம் இருந்தது. ஒரு மூலையில் மட்டும் அவை வால்முளைத்தாற்போல் நீண்டிருந்தன. கேட்டதற்கு, "மாற்றிய கேமராவில் படம் சிவப்பாகத்தான் வரும் சார், பழகிவிடும்" என்றார். சிவப்பு தூக்கலாக வருவது இயல்புதான், நிறச் சமநிலையை மாற்றும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் நான் கேட்டது நிறத்தைப் பற்றியே அல்ல.

சந்தேகம் தீர, டிவி ரிமோட்டை லென்ஸுக்கு எதிரே பிடித்து, கேமராவின் திரையில் நேரடிக் காட்சி தரும் லைவ் வியூவில் பார்த்தபடி பொத்தானை அழுத்தினேன். அதன் முனை டார்ச் போல வெள்ளையாகப் பளீரிட்டது. ரிமோட்டுகள் பொதுவாக 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பில் இயங்குபவை என்பதால், தடுப்பு ஃபில்டர் உள்ளே இருந்தால் அது இப்படித் தெரிய வழியே இல்லை. பகலில் எடுத்த படத்தில் கறுப்புச் சட்டை அரக்கு நிறமாக வந்ததும் அதையே உறுதிசெய்தது. பழைய ஃபில்டரைக் கழற்றியவர் புதியதைப் பொருத்தவே இல்லை! கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் தளத்தில் அகச்சிவப்பு குவிவதில்லை. ஒளிவட்டம் அதனால் வந்தது. மூலையில் நீண்ட விண்மீன்களுக்கு, சென்சாரைச் சாய்வு பார்க்காமல் திருகி வைத்ததே காரணம் என்று பின்னர் வேறொரு பழுதுபார்ப்பவர் திறந்து காட்டினார்.

கொடுப்பதற்கு முன், பொருத்தப்போகும் ஃபில்டர் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உள்ளே விடும் என்று காட்டும் ஒளிகடத்தும் வரைபடத்தையும் அதன் தடிமனையும் எழுத்தில் கேளுங்கள். தடிமன் மாறினால் ஆட்டோஃபோகஸ் தவறும். ஒரே லென்ஸில், ஒரே அப்பர்ச்சரில் எடுத்த விண்மீன் படங்களை ரா கோப்பாக (கேமரா பதிவுசெய்த மூலத் தரவாக) வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதே போல எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். கழற்றிய ஃபில்டரைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். என்னுடையதைக் கேட்டபோது, கழற்றும்போதே உடைந்துவிட்டது என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.